லிப்போசோம் ஜெல்: தோலில் பூசும் புதிய வகை மருந்து பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் உள்ள சிற்றூர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றிச் செல்லும் அந்த 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி அங்கே தேநீர்க் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து பிரிக்காத ஒரு டியூபை எடுத்துக் காட்டினார்.

"ஹஜ்ரத், தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த ஜெல்லு இது. இதைப் பூசிக்கிட்டு உளூ செஞ்சா கூடுமா? நோன்பு வெச்சிருக்கும்போது பூசலாமா? ஜெல்லுன்னா பன்றி எலும்புல செய்யுறதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?"

விசாரித்தபோது முழுக் கதையும் தெரிய வந்தது. அடுப்புச் சூட்டிலும் வியர்வையிலும் நின்றதில் அவருக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்திருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பை ஆறு மாதம் பூசியிருக்கிறார். பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும்; நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். அதே டியூபை மனைவியும் மகனும் பூசியிருக்கிறார்கள். கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது, அவர் பழைய களிம்பை நிறுத்தச் சொல்லி, மாத்திரையோடு இந்த லிப்போசோம் ஜெல்லை எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கி நான்கு நாள் ஆகியும், மார்க்கம் அனுமதிக்குமா என்ற சந்தேகத்தில் சகோதரர் அதைத் திறக்கவே இல்லை.

இதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஆறு மாதம் தீங்கு செய்த களிம்பைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. குணப்படுத்த வந்த மருந்தைப் பற்றித்தான் இத்தனை சந்தேகம். நம் குடும்பங்கள் பலவற்றில் நிலைமை இதுதான். எனவே இந்த மருந்து என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே உதவும், எங்கே உதவாது, மார்க்கத்தில் இதன் நிலை என்ன என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம்.

தோல் ஏன் மருந்தை உள்ளே விடுவதில்லை?

அல்லாஹ் நம் உடலைப் போர்த்தியிருக்கும் தோல் ஒரு காவல் சுவர். அதன் மேல் அடுக்கு தாளைவிட மெல்லியது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான் இருக்கும். ஆனால் அதன் அமைப்பு செங்கல் சுவர் போன்றது. உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு, சாந்து. தண்ணீர் உடலுக்குள் ஊறாமலும், உடலின் ஈரம் வெளியே வற்றிப் போகாமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

கிருமியைத் தடுக்கும் இதே சுவர் மருந்தையும் தடுக்கிறது. ஒரு மருந்தின் மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் அது தோலுக்குள் நுழைவது மிகக் கடினம் என்பது தோல் மருத்துவத்தில் ஒரு பொது விதி. படர்தாமரைக்குப் பயன்படும் டெர்பினாஃபின் 291 டால்டன், அது நுழைந்துவிடும். பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் பி என்ற மருந்தோ 924 டால்டன். அதை வெறும் களிம்பில் கலந்து பூசினால் பெரும்பகுதி தோலின் மேலேயே நின்றுவிடும்.

லிப்போசோம் என்றால் என்ன?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம் என்ற அறிவியலாளர், 1960களின் தொடக்கத்தில் லெசித்தின் என்ற கொழுப்பைத் தண்ணீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தக் கொழுப்பு தானாகவே மிக நுண்ணிய உருண்டைகளாகச் சுருண்டிருந்தது. ஒவ்வோர் உருண்டைக்கும் வெளியே கொழுப்புச் சுவர், உள்ளே தண்ணீர். நம் உடல் செல்களின் சுவரும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. இந்த உருண்டைகளுக்குத்தான் பின்னர் லிப்போசோம் என்று பெயர் வந்தது.

நோன்பு திறக்கும்போது சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதையை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவில் ஒரு விதை, அதைச் சுற்றி வழுவழுப்பான உறை. லிப்போசோமையும் அப்படி ஓர் உறை என்று சொல்லலாம். தண்ணீரில் கரையும் மருந்து அதன் உள்ளே தங்கும். கொழுப்பில் கரையும் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அளவில்தான் பெரிய வேறுபாடு: பல லிப்போசோம்கள் தலைமுடித் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இந்த உருண்டைகளைத் தண்ணீர் சார்ந்த குழைவான பசையில் கலந்தால் அது லிப்போசோம் ஜெல்.

லிப்போசோமின் கொழுப்பும் தோல் சுவரின் சாந்தும் ஒத்த தன்மை கொண்டவை. அதனால் பூசியவுடன் இவை தோலின் மேலடுக்கோடு கலந்து, கொண்டுவந்த மருந்தை அங்கே சிறிது சிறிதாக விடுகின்றன. ஒரு பகுதி மயிர்க்கால்களின் துளை வழியாகவும் இறங்குகிறது.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது?

பலர் நினைப்பது போல, "உடம்புக்குள் ஆழமாகப் பாயும் சக்தி வாய்ந்த மருந்து" அல்ல இது. உண்மை ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது. நோய் தோலில் இருக்கும்போது மருந்தைத் தோலிலேயே தங்க வைப்பதுதான் இதன் சிறப்பு.

இதை முதலில் காட்டியவர்கள் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெசேய், குலசேகரம் ஆகிய இருவர். இரண்டாவது பெயர் நம் காதுக்குப் பழக்கமானதுதான். டிரையாம்சினலோன் என்ற மருந்தை லிப்போசோமில் வைத்து முயல்களின் தோலில் நாளைக்கு இருமுறை, 5 நாட்கள் பூசி 1980இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண முறையில் பூசியதைவிட நான்கைந்து மடங்கு மருந்து தோலில் தங்கியிருந்தது. உடலின் உள்ளே தேவையற்ற இடத்துக்குப் போன அளவு குறைந்திருந்தது. 1982இல் ஜெல் வடிவத்தையும் இவர்களே சோதித்தார்கள். பின்னர் 1980களின் பிற்பகுதியில் எக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து லிப்போசோம் ஜெல்லாக சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்வது நல்லது. மருந்தைத் தோல் வழியாக இரத்தத்துக்கே அனுப்பும் முறையும் உண்டு. பயணத்தில் வாந்தி வராமல் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை அப்படிப்பட்டது. 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பட்டை அதுதான். அது வேறு, தோலிலேயே தங்க வேண்டிய லிப்போசோம் ஜெல் வேறு.

நம் நாட்டில் இந்த ஆய்வு

இந்தியாவில் லிப்போசோம் மருந்தைப் பற்றிப் பேசும்போது பிமல் குமார் பச்சாவத் என்ற உயிர்வேதியியல் அறிஞரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொல்கத்தாவில் பிறந்த இவர், நமக்கு அண்டையில் இருக்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் நரம்பு வேதியியல் ஆய்வு செய்தவர். 1962இல் பட்நாகர் விருதும், 1990இல் பத்ம பூஷண் விருதும் பெற்றார். பிற்காலத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகத்தில், ஆம்போடெரிசின் மருந்தை லிப்போசோமில் அடைக்கும் இந்திய முறையை இவரது குழு உருவாக்கியது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு, ஃபங்கிசோம் என்ற பெயரில் ஊசி மருந்தாக வந்தது. தோலில் பூசும் 0.1 சதவீத ஜெல்லும் அதிலிருந்து பிறந்தது.

லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற பெயரை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 2021இல் கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, நாடெங்கும் தட்டுப்பாடாகி மக்கள் தேடி அலைந்த ஊசி மருந்து அதுதான். சாதாரண ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கும். லிப்போசோமில் அடைத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது. அதனால்தான் அதற்கு அத்தனை தேவை.

இன்னொரு எடுத்துக்காட்டு சண்டிகரிலிருந்து. சொரியாசிஸ் நோய்க்கு டித்ரனால் என்ற பழைய மருந்து உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் தோலை எரிக்கும், துணியிலும் தோலிலும் பழுப்புக் கறை ஏற்றும். அந்தத் தொல்லைக்காகவே பலர் அதைக் கைவிட்டார்கள். பஞ்சாப் பல்கலைக்கழக மருந்தியல் துறைப் பேராசிரியர் ஓ.பி. கத்தாரே குழுவினர், அங்குள்ள முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத் தோல் மருத்துவர்களோடு சேர்ந்து, அதை லிப்போசோமில் அடைத்துக் குறைந்த அளவில் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். எரிச்சலும் கறையும் குறைந்தன. மருந்து பழையதுதான், அதைக் கொண்டு சேர்க்கும் வழிதான் புதியது.

உண்மையான ஆபத்து எந்த டியூபில்?

தேநீர்க் கடைச் சகோதரர் ஆறு மாதம் பூசிய களிம்பு, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த கூட்டுக் களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்புச் சக்தியை அது தணித்துவிடுவதால் பூஞ்சை உள்ளே வசதியாகப் பரவுகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் வரி வரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு முழுமையாக மறைவதில்லை.

இந்தத் தவறான பயன்பாடு நாடு முழுவதும் பெருகியதால், 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கமும் இதற்கெதிராகத் தனிக் குழு அமைத்துப் பிரச்சாரம் செய்கிறது. வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் அடங்காத பூஞ்சை வகை ஒன்றும் நம் துணைக்கண்டத்தில் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயரிட்டார்கள். இந்தியாவின் பெயரே அதில் இருக்கிறது.

முகம் வெளுக்க என்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் வாங்கும் சில கிரீம்களிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. "லிப்போசோம்", "நானோ" என்ற சொற்கள் அழகுப் பொருள் விளம்பரங்களிலும் வரும். லிப்போசோம் கொண்ட அழகு கிரீம் 1986லேயே பிரான்சில் சந்தைக்கு வந்துவிட்டது. அந்தச் சொல் டியூபில் இருப்பதால் மட்டும் அது மருந்தாகிவிடாது. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பதைப் பாருங்கள்.

மார்க்கக் கேள்விகள்

ஜெல் என்பது ஜெலட்டினா? இல்லை. பெயர் ஒத்திருப்பதால் வந்த குழப்பம் இது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. மாத்திரைக் குப்பிகளில் அதிகம் பயன்படுவது. தோல் ஜெல்களின் பசை பெரும்பாலும் கார்போமர் என்ற செயற்கைப் பொருள், அல்லது தாவர நாரிலிருந்து வரும் செல்லுலோஸ். லிப்போசோமின் லெசித்தின் பொதுவாகச் சோயாவிலிருந்தோ கோழி முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தோ வருகிறது. அதில் சேர்க்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் செம்மறியாட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது. இவற்றில் தடுக்கப்பட்டது எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் டியூபின் பெட்டியில் உள்ள பட்டியலைப் பாருங்கள், அல்லது தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆல்கஹால் என்று எழுதியிருந்தால்? சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் போன்றவை மெழுகு போன்ற பொருட்கள். போதை தருபவை அல்ல. எத்தனால் என்று இருந்தால்தான் கேள்வி வருகிறது. திராட்சை, பேரீச்சை அல்லாத மூலங்களிலிருந்து வரும் எத்தனாலை மேற்பூச்சில் பயன்படுத்துவதை ஹனஃபி வழியின் பிற்கால அறிஞர்கள் பலர் தடுக்கவில்லை. ஷாஃபிஈ வழியில் போதை தரும் திரவம் நஜீஸ் என்ற கருத்து வலுவானது. ஆனால் மருத்துவத் தேவைக்கு அங்கும் சலுகை உண்டு. உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் டியூபைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்காக மாதக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

உளூ கூடுமா? முதலில், இடுப்பும் தொடை இடுக்கும் உளூவின் உறுப்புகளே அல்ல. அங்கே பூசிய மருந்தால் உளூவுக்கு எந்தத் தடையும் இல்லை. பூசுவதால் உளூ முறிவதும் இல்லை. முகம், கை, கால் போன்ற இடங்களில் பூசினால், தண்ணீர் தோலைச் சேர்கிறதா என்பதுதான் அளவுகோல். நகப்பூச்சு போலத் தண்ணீரைத் தடுக்கும் படலத்தை இந்த ஜெல் உண்டாக்குவதில்லை. இது தண்ணீர் சார்ந்தது. திட்டாகப் படிந்திருந்தால் ஈரக் கையால் தேய்த்துவிட்டு உளூ செய்யலாம். குளிப்புக்கும் இதே விதிதான். புண்ணில் தண்ணீர் படவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், மஸ்ஹு, தயம்மும் ஆகிய சலுகைகள் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. பூசியவுடன் கழுவினால் மருந்து வீணாகும். நாளைக்கு இருமுறை பூசச் சொன்னால் பஜ்ருக்குப் பின் ஒரு முறை, இஷாவுக்குப் பின் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு தொழுகைக்குப் பின்னரும் அடுத்த உளூவுக்குப் பல மணி நேரம் கிடைக்கும்.

நோன்பு முறியுமா? முறியாது. ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு, நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் தோல் வழியே உறிஞ்சப்படும் எண்ணெய், களிம்பு, மருந்துப் பட்டை ஆகியவற்றைச் சேர்த்தது. இரத்தத்துக்குப் போகும் பட்டையே நோன்பை முறிக்காது என்னும்போது, தோலில் தங்கும் ஜெல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பயன்படுத்தும்போது

அளவு: ஒரு பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிழிந்தால் ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும்.

வெயில்: லிப்போசோம் சூட்டில் உடைந்து மருந்தைக் கசியவிடும், உறைந்தாலும் உடையும். நம் ஊர்க் கோடையில் கடை மேடையிலோ வண்டிப் பெட்டியிலோ டியூபை வைக்காதீர்கள். பெட்டியில் எழுதியுள்ள வெப்ப அளவைப் பாருங்கள். குளிரூட்டியில் வைக்கச் சொன்னால் கீழ்த்தட்டில் வையுங்கள், பனி உறையும் அறையில் வைக்காதீர்கள். ஜெல் நீராகப் பிரிந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

காலம்: அரிப்பு நின்றவுடன் நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை மிச்சமிருக்கும். மருத்துவர் சொன்ன நாள் வரை பூசுங்கள்.

குடும்பம்: ஒருவரின் டியூபை மற்றவர் பூசக் கூடாது. குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு அதிகம். எனவே பூசும் மருந்து அதன் உடலில் கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். வீட்டில் யாருக்கெல்லாம் படர்தாமரை இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும். துண்டு, கைலி, உள்ளாடை தனித்தனியாக இருக்கட்டும். வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். பள்ளிவாசல் ஹவுழில் தொங்கும் பொதுத் துண்டை விட்டுவிட்டு, சொந்தத் துண்டு கொண்டு போங்கள். உளூவுக்குப் பின் கால்விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள்.

விலை: லிப்போசோம் மருந்துகள் சாதாரணக் களிம்பைவிட விலை கூடியவை. எல்லாப் படர்தாமரைக்கும் இது தேவையில்லை. பலருக்குச் சாதாரணப் பூஞ்சைக் களிம்பைச் சரியாக, முழு நாளும் பூசினாலே போதும். எது வேண்டும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வாங்க வசதியில்லை என்றால் வெட்கப்படாமல் அவரிடமே சொல்லுங்கள். வேறு மருந்து எழுதித் தருவார். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

அன்று அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "பாய், இன்று இரவே இஷாவுக்குப் பின் பூசுங்கள். அந்தப் பழைய டியூபை வீட்டில் வைக்காதீர்கள். மனைவியையும் மகனையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்." அவர் அப்படியே செய்தார். மூவருக்கும் பல வாரங்கள் ஆயின. மகனின் தொடையில் விழுந்த வரித் தழும்பு இன்னும் இருக்கிறது.

மருந்து தேடுவது மார்க்கம் ஊக்குவித்த செயல். அறிந்து தேடுவது அதைவிட நல்லது. உங்கள் வீட்டு அலமாரியில் பெயர் தெரியாத களிம்பு டியூப் இருந்தால், இன்றே எடுத்து அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.